கழுவிய நீரின் கறை

உடம்பின் அழுக்குக்கு நீர் போதும், உள்ளத்தின் அழுக்குக்குத்தான் வாய்மை வேண்டும் என்பது 298ஆம் குறளின் கருத்து. வள்ளுவருக்கு அங்கே அகத்தூய்மைதான் பேச்சு. நீரைப் பற்றிய பாதி, எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தியாக வந்துபோகிறது. ஆனால் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரால் கழுவி வெயிலில் நிறுத்திய எந்தக் காரின் கண்ணாடியைப் பார்த்தாலும் அந்தப் பாதியே சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். புழுதி போயிருக்கும், காக்கை எச்சம் போயிருக்கும். அவை இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். உப்புக்கறை என்கிறோம். கழுவாமல் விட்ட காரில் புழுதி இருக்குமே தவிர இந்தக் கறை இருக்காது. கழுவியதால் வந்த கறை இது. சமயங்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் கழுவச் சொல்கின்றன: நீராடு, நோன்பிரு, தானம் செய், ஓது, தியானம் பண்ணு. இவையும் தம் பங்குக்கு ஒரு கறையை விட்டுப்போகுமா, போகுமென்றால் கழுவுவதற்கே பொருள் உண்டா என்பது பழைய கேள்வி. சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலில் நாம் வழக்கமாகக் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு பகுதி உண்டு. என் வாதம் அதைப் பற்றியதுதான்.

முதலில் கறையைச் சற்று நெருங்கிப் பார்த்துவிடலாம். மழையாக விழும் நீரில் சுண்ணாம்பு கிடையாது என்றே சொல்லலாம். மண்ணுக்குள் இறங்கும்போது அது கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. மோட்டார் வழியே மேலே வந்து கண்ணாடியில் தங்கிய துளி காயும்போது வாயு வெளியேறிவிட, கரைந்திருந்த பைகார்பனேட் கரையாத கார்பனேட்டாகப் படிந்துவிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், 2012ஆம் ஆண்டின் ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அந்த மேல்வரம்பில் உள்ள நீரின் ஒரு துளியை 0.05 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் இருப்பது 0.03 மில்லிகிராம். ஒன்றுமில்லை என்றே நினைக்கத் தோன்றும் அளவு. ஆனால் துளி காயும்போது ஓரத்தில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, கரைந்த உப்பையும் சுமந்துகொண்டு. அதனால்தான் பல புள்ளிகள் விளிம்பு தடித்த வளையமாக நிற்கின்றன; நகத்தால் சுரண்டினால் நெருடுகின்றன. இன்னொன்றும் உண்டு. கண்ணாடி ஈரமாக இருக்கும்வரை பழைய கறைகூடக் கண்ணில் படாது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி புதிதுபோலத் தெரியும். காய்ந்ததும் அத்தனை வளையமும் திரும்பி வந்து நிற்கும். கழுவிக்கொண்டிருப்பவர் கண்ணுக்குக் கழுவுதலின் கறை தெரிவதில்லை என்பது இங்கே வெறும் ஒளியியல்.

இனி சித்தாந்தத்தின் பதில். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் சுருக்கி வைத்ததை அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் விரித்தார். ஆணவம், கன்மம், மாயை என மலம் மூன்று. உடம்பும் மனமும் உலகமும் மாயையிலிருந்து வந்தவை. அப்படியானால் ஓர் இக்கட்டு எழுகிறது: உயிரின் அழுக்கைப் போக்குவதற்காக இறைவன் உடம்பையும் உலகையும் கொடுத்தான் என்கிறீர்கள், அவையும் மலம் என்றால், மலத்தைக் கொண்டு மலத்தைக் கழுவ முடியுமா? அருணந்தியார் இந்தக் கேள்வியிலிருந்து நழுவவில்லை. துணி வெளுப்பவர் அழுக்குத் துணியில் சாணத்தையும் உவர்மண்ணையும் ஏற்றி அழுக்கைப் போக்குவதைக் காட்டி, இறைவன் மாயையைக் கொண்டு ஆணவத்தைப் போக்குவதும் அப்படித்தான் என்கிறார். தத்துவ நூலில் வண்ணான்துறையைக் கொண்டுவந்து நிறுத்த ஒரு துணிச்சல் வேண்டும். கருவி தூய்மையாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையையே அந்த ஒரு எடுத்துக்காட்டால் அவர் தள்ளிவிடுகிறார். கருவி அழுக்காகவே இருக்கலாம், வேலை நடந்தால் சரி.

பொதுவாக இந்த இடத்தில் வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் துணி வெளுக்கும் வேலை சாணம் ஏற்றுவதோடு முடிவதில்லையே. ஏற்றிய சாணமும் உவர்மண்ணும் அடித்து அலசி ஆற்றோடு போயாக வேண்டும். அலசாமல் உலர்த்தினால் பழைய அழுக்கோடு புது அழுக்கும் சேர்ந்த துணிதான் மிஞ்சும். உவர்மண் அந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அதில் உள்ள சோடியம் கார்பனேட் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்தெடுக்கும். பிறகு தானும் நீரில் கரைந்து போய்விடும். ஒரு லிட்டர் நீரில் 200 கிராமுக்கு மேல் கரையக்கூடியது அது. கண்ணாடியில் படியும் கால்சியம் கார்பனேட்டும் அதே குடும்பம்தான், ஆனால் தூய நீரில் லிட்டருக்கு 15 மில்லிகிராம் அளவுகூடக் கரைவது அரிது. இரண்டும் உப்பு, இரண்டும் கார்பனேட். ஒன்று வேலை முடிந்ததும் போய்விடுகிறது, மற்றது போவதில்லை. ஆக, கருவி தூயதா இல்லையா என்ற கேள்வியைவிட, வேலை முடிந்தபின் அது போகிறதா தங்குகிறதா என்பதே முக்கியமான கேள்வி. கண்ணாடிமேல் ஓடிக்கொண்டிருக்கும் உப்புத் தண்ணீர் கறை போடுவதில்லை. தங்கிக் காய்ந்த தண்ணீர்தான் போடுகிறது. குற்றம் நீரின்மீதும் இல்லை, கழுவியதன்மீதும் இல்லை. நீரை அங்கேயே காயவிட்டதில் இருக்கிறது. சமயச் சாதனைகளுக்கும் இதுவே பொருந்தும் என்பது என் முடிவு: தூய்மை செய்யும் எதுவும், தன் வேலை முடிந்த பிறகும் செய்தவன்மேல் தங்கிவிட்டால் மலமாகிறது.

சித்தாந்தத்துக்கு இது வெளியிலிருந்து ஒட்டவைக்கும் கருத்து என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. தீவினை இரும்பு விலங்கு என்றால் நல்வினை பொன் விலங்கு என்ற பேச்சு சைவ மரபில் வெகுகாலமாக உண்டு. இருவினையொப்பு என்று அது ஒரு நிலையைக் குறிப்பிடுவதும் இதற்காகத்தான். புண்ணியத்தின் பயனிலும் பாவத்தின் பயனிலும் விருப்பு வெறுப்பு சமமாக அற்றுப்போன நிலை அது. நல்வினை செய்யாதே என்று எந்த ஆசாரியரும் சொன்னதில்லை. செய், ஆனால் அதன் ஈரம் உன்மேல் காய விடாதே என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். நாற்பது ஆண்டாகப் பிரதோஷ விரதம் தவறாதவர், விரதம் இல்லாத மருமகளைப் பார்க்கும் பார்வையில் ஒரு வளையம் தெரிந்தால், அது விரதம் போக்கிய அழுக்கு அல்ல, விரதம் விட்டுச்சென்ற உப்பு.

தனிமனிதரோடு இது நிற்பதுமில்லை. கோயிலுக்குப் போகுமுன் குளிப்பது, மடி உடுத்துவது, உண்ணுமுன் கைகால் கழுவுவது எல்லாம் வழிபாட்டுக்கு ஆயத்தமாகும் செயல்கள். அந்த அளவில் அவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் செயலின் பயன் செய்பவர்மேல் தங்கிக் காய்ந்து, நான் சுத்தம் என்பது நீ அசுத்தம் என்று இறுகியபோதுதான் தீட்டு பிறந்தது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றபோது, கோயிலின் புனிதம் கெட்டது என்றுதான் எதிர்த்தவர்கள் சொன்னார்கள். அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்ற வேண்டிவந்தது. குளியல் என்ற எளிய ஆயத்தம், சட்டம் வைத்து உடைக்க வேண்டிய கதவாக மாறியிருந்தது. கறை எவ்வளவு இறுகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆசாரத்தைச் சிவவாக்கியர் அத்தனை கடுமையாகக் கேலி செய்ததும் இறுகிப்போன இந்தக் கறையைப் பார்த்துத்தான். அவர் கோபம் நியாயம். ஆனால் அதைப் படித்துவிட்டுக் கழுவுவதே வீண் என்று முடிவுகட்டுபவர்கள் அவசரப்படுகிறார்கள். கழுவாத கண்ணாடியில் உப்புக்கறை இல்லை என்பதற்காக அது வழி காட்டிவிடப் போவதில்லை.

இதற்குச் சித்தாந்தியே ஒரு வலுவான மறுப்பைச் சொல்லலாம். விரதம் இருந்தவரின் செருக்கு விரதத்திலிருந்து வந்ததல்ல. அது முன்பே உள்ளிருந்த ஆணவம். செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரோடு தொன்றுதொட்டு உடனிருப்பது, சகச மலம். மாயையும் கன்மமும்தான் இடையில் வந்து சேர்ந்த ஆகந்துக மலம். ஆகவே செருக்குக்குச் சாதனையைக் குற்றம் சொல்வது ஆளை மாற்றிப் பிடிப்பதாகும். இந்த மறுப்பைப் பாதி ஏற்கிறேன். களிம்பும் கண்ணாடிக் கறையும் ஒன்றல்ல. புளி போட்டுத் தேய்த்தால் செம்புப் பாத்திரம் பளபளக்கும், ஆனால் சும்மா வைத்திருந்தாலே சில நாளில் மங்கத் தொடங்கும். கண்ணாடியிலோ, உப்புத் தண்ணீர் படாதவரை உப்புக்கறை தானாக வருவதில்லை. ஆனாலும் சுண்ணாம்பைத் தண்ணீர் ஒன்றும் உண்டாக்கவில்லையே. அது நிலத்தின் அடியில் முன்பே இருந்தது. தண்ணீர் அதைக் கரைத்து, மேலே கொண்டுவந்து, குறிப்பிட்ட ஓர் இடத்தில் குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் படியவைத்தது. ஆணவம் முன்பே இருந்தது என்பது உண்மையானால், சாதனை அதற்கு ஒரு மரியாதையான வடிவம் கொடுத்தது என்பதும் உண்மை. பணத்திமிரை எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். பக்தித் திமிருக்கு ஊரே எழுந்து நின்று வழிவிடும். அந்த வடிவத்தைக் கொடுத்த அளவுக்குச் சாதனை பொறுப்பேற்றே ஆக வேண்டும்.

அடுத்து ஒருவர் கேட்கக்கூடும்: உப்பில்லாத நீரால் கழுவினால் இந்தப் பிரச்சினையே இல்லையே, தூய கருவியைத் தேடுவதை விட்டுவிட்டு ஏன் அலசுவதைப் பற்றிப் பேச வேண்டும்? பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைக் கொண்டு கடைசி அலசல் அலசினால் கறை வராது என்பது சரிதான். மழைநீரும் அப்படியே. அருளை மழையோடு ஒப்பிடும் பக்தர்கள் இதைக் கேட்டு மகிழலாம். ஆனால் மழை நனைத்த கார் அழுக்காகத்தானே நிற்கிறது? காற்றில் உள்ள தூசியையும், ஏற்கெனவே கண்ணாடியில் இருந்த புழுதியையும் சேர்த்துத் தங்கிய மழைத்துளியும் காய்ந்து அடையாளம் வைக்கிறது. அடுக்குமாடியின் அடித்தளத்தில் நிறுத்திய காருக்கு இன்னும் மோசம்: மேல்தளத்தின் கான்கிரீட் வழியே கசியும் மழைநீர் சிமெண்டின் சுண்ணாம்பை இழுத்துக்கொண்டு வந்து சொட்டும், அந்தக் கறையைப் போல் பிடிவாதமானது வேறில்லை. வானத்திலிருந்து புறப்பட்டபோது தூயதாக இருந்தது, நம்மிடம் வந்து சேரும் வழியில் எதையெதையோ கரைத்துக்கொண்டுதான் வருகிறது. எந்த வேதத்துக்கும் எந்தக் குருவின் சொல்லுக்கும் இது பொருந்தும். மொழி, சாதி, காலம் என்று எதன் வழியாகவாவது கசிந்துதான் அது நம்மை அடைகிறது. முற்றிலும் தூய கருவி கிடைக்கும்வரை காத்திருப்பவர் கழுவவே மாட்டார். கிடைத்துவிட்டது என்று நம்புபவரோ துடைக்க மாட்டார். அவர்தான் கூடுதல் ஆபத்தானவர்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும். சீனத்தின் ஜென் மரபில் மேடைச் சூத்திரம் சொல்லும் கதை புகழ்பெற்றது. மனம் கண்ணாடி போன்றது, தூசி படியாமல் இடைவிடாது துடைக்க வேண்டும் என்ற பொருளில் ஷென்ஷியு எழுதிவைக்க, எழுதப் படிக்கத் தெரியாத ஹுய்நெங் கண்ணாடியே இல்லை, தூசி எங்கே படியும் என்ற பொருளில் பதில் சொல்லி ஆறாம் குருவாகிறார். நம் அத்வைதிகளும் இதற்கு அருகில்தான் நிற்கிறார்கள்: ஆன்மாவை எதுவும் தீண்டுவதில்லை, கறை தோற்றம் மட்டுமே. இந்தப் பார்வைக்கு உள்ள கம்பீரத்தை மறுக்க முடியாது. ஆனால் மாலையில் மேற்கு நோக்கி ஓட்டுபவரிடம் கேட்டுப் பாருங்கள். நண்பகலில் பொருட்டாகவே தெரியாத புள்ளிகள், சூரியன் தாழ்ந்து நேர் எதிரே வந்ததும் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடித்துக் கண்ணாடி முழுவதையும் வெள்ளைத் திரையாக்கிவிடுகின்றன. சாலையில் குறுக்கே வருபவர் தெரிய மாட்டார். கறை தோற்றம்தான் என்று வைத்துக்கொண்டாலும், அதனால் அடிபடுபவர் தோற்றம் அல்ல.

அதோடு, கண்ணாடி தீண்டப்படுவதே இல்லை என்பதும் சரியல்ல. புதிய கறைக்குக் கடையில் விற்கும் வினிகரே போதும். சம அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துச் சில நிமிடம் கறைமேல் போட்டுவைத்தால் அதன் அசிட்டிக் அமிலம் கார்பனேட்டைக் கரைத்துவிடும். பிறகு நல்ல நீரில் அலசித் துடைத்துவிடலாம். நீரில் சிலிக்காவும் இருந்திருந்தால் வினிகர் அதை அசைக்காது. பல மாதம் விட்டுவைத்தாலோ கதை வேறு. மீண்டும் மீண்டும் ஈரமாகிக் காயும் இடத்தில் கண்ணாடியின் சோடியம் வெளியேறுகிறது, அங்கே தங்கிய நீர் காரமாகிறது, அந்தக் காரம் கண்ணாடியின் சிலிக்கா அமைப்பையே அரிக்கத் தொடங்குகிறது. அப்போது படிந்ததை எடுத்த பிறகும் வளையம் தெரியும், ஏனெனில் அங்கே கண்ணாடியே குறைந்திருக்கிறது. சீரியம் ஆக்ஸைடு பசையைக் கொண்டு சுற்றுப்புறத்தையும் சேர்த்து மெல்ல மெல்லத் தேய்த்தால்தான் ஓரளவு மறையும். ஆழமாக அரித்திருந்தால் கண்ணாடியை மாற்றுவதே வழி. அவசரத்தில் பாத்திரம் தேய்க்கும் முரட்டு நார் போட்டுத் தேய்ப்பவர் கறையை எடுத்துவிட்டுக் கீறலை வாங்கிக்கொள்கிறார். சிறிய செருக்கைச் சுட்டிக்காட்டியதற்காகத் தம்மையே வதைத்துக்கொள்ளும் துறவியர் கதைகள் நினைவுக்கு வருகின்றன. அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறை இப்படிக் கண்ணாடிக்குள்ளேயே இறங்கிவிடுவதை மரபு வாசனை என்று பேசுகிறது: நெடுநாள் படிந்தது இயல்பாகவே ஆகிவிடுவது. ஆன்மா முற்றிலும் தீண்டப்படாதது என்பவர்களைவிட, தீண்டப்படக்கூடியது என்று ஒப்புக்கொண்டு அதற்கான மருந்தைத் தேடும் சித்தாந்தம் இந்த இடத்தில் அனுபவத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. காலம் ஒரு பொருட்டு என்பதை அது மறைக்கவில்லை. மலம் பக்குவப்பட நாளாகும் என்கிறது. முத்தியிலும் ஆணவம் அழிந்தொழியாது, அதன் சக்திதான் அடங்கும் என்றும் சொல்கிறது.

கடைசியாக, இது முடிவில்லாத வேலை ஆகாதா என்ற கேள்வி. கழுவிய நீரின் கறைக்கு வினிகர், வினிகரை அலசத் தண்ணீர், அந்தத் தண்ணீரின் கறைக்கு மறுபடி வினிகர். தானத்தின் செருக்கை விட்டவனுக்குச் செருக்கை விட்ட செருக்கு. தர்க்கத்தில் இதற்கு முடிவு கிடையாது. கார் கழுவுமிடத்தில் உண்டு. இன்னொரு திரவத்தை ஊற்றுவதை நிறுத்திவிட்டு உலர்ந்த துணியை எடுப்பதோடு அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது, ஏனென்றால் துணி எதையும் சேர்ப்பதில்லை, இருப்பதை எடுத்துக்கொண்டு போகிறது. செய்த நற்செயலுக்குமேல் அடக்கம் என்று இன்னொரு நற்செயலைப் பூசுவதில் பயனில்லை. செய்ததைச் செய்த இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதே அந்தத் துணி. தானம் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டாமல் விட்டால் போதும். பெயர் வெட்டாததைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியதில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் தமிழ்நாடு முழுக்க வண்டிகள் கழுவப்படும். நிழலில் நிறுத்திக் கழுவச் சொல்லுங்கள்; சந்தனமும் குங்குமமும் வைப்பதற்கு முன் கண்ணாடியை ஒரு முறை உலரத் துடைத்துவிடுங்கள். அடுக்குமாடிகளில் விடியற்காலையில் ஒரு வாளி உப்புத் தண்ணீரையும் ஒரே ஒரு ஈரத்துணியையும் வைத்துக்கொண்டு பத்து இருபது கார் கழுவிவிட்டுப் போகிறவர்மேல்தான் இந்தக் கறைக்கான பழி விழுகிறது. அவரைக் குறை சொல்வதற்கு முன், உலர்ந்த பருத்தித் துணி ஒன்றை அவர் கையில் கொடுங்கள்.